வேர் வரட்டும்

ரோஜா போடுகிற வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவளுக்கு முதல் வருஷத்திலேயே ஒன்று தெரிந்துபோகும். இங்கே பூ தானாகப் பூப்பதில்லை, நாம் சொல்கிற நாளில்தான் பூக்கும். பிப்ரவரியில் காதலர் தினத்துக்குப் பூ வேண்டுமென்றால் டிசம்பரில் கவாத்து பண்ணிவிட வேண்டும். கத்தரி விழுந்த நாளிலிருந்து எண்ணிக்கொண்டே வந்தால், லாரி ஏறுகிற நாளில் மொட்டு சரியாக வாய் திறக்கும். எங்கள் வீட்டில் கல்யாணம், காதுகுத்து, பல் டாக்டரிடம் போவது எல்லாமே கவாத்தை வைத்துத்தான். என் வளைகாப்பைக்கூட கவாத்து முடியட்டும் என்று தள்ளிப்போட்டார்கள். வயிற்றுக்குள் இருந்த பாப்பா மட்டும்தான் யாரையும் கேட்காமல் தனக்குத் தோன்றிய நாளில் வந்து பிறந்தாள்.

ஓசூரிலிருந்து சானமாவு போகிற வழியில் எங்கள் நிலம். முன்னால் வரிசையாக பாலிஹவுஸ், ரோஜாவுக்குப் போட்ட பிளாஸ்டிக் கூடாரங்கள். பின்னால் ஒரு கம்பெனியின் காம்பவுண்டு சுவர், அதன் மேல் முள்கம்பிச் சுருள். இடது பக்கம் மனை பிரித்துக் கல் நட்டுவிட்டார்கள். வலது பக்கம் போகப் போகக் காடு. ராகி முற்றுகிற காலத்தில் யானை இறங்கிவிட்டால், பொழுது சாய்ந்த பிறகு வாசலைத் தாண்டக்கூடாது என்று போனுக்குச் செய்தி வரும். இத்தனைக்கும் நடுவில், சுவரை ஒட்டினாற்போல, நிழலுக்கு வலை போர்த்தின ஒரு ஷேட் நெட் கொட்டகை. அதற்குள் நான்.

கொட்டகையில் இருந்தது ஆர்க்கிட். ஹைபிரிட் டென்ட்ரோபியம். என் வீட்டுக்காரர் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு, ரோஜாவை விட இதில்தான் எதிர்காலம் என்று தலைகால் புரியாமல் வாங்கிவந்த நாற்றுகள். முதல் பூ வருவதற்குள் அவருக்குப் பொறுமை போய்விட்டது. எப்போது பூக்கும் என்று கேட்டால் பதில் சொல்லாத செடியை வைத்துக்கொண்டு ரோஜாக்காரர் என்ன செய்வார்? "நீ பாத்துக்கோ" என்று என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார். கல்யாணத்துக்கு முன்னால் நான் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் இருந்தவள். பூதக்கண்ணாடிக்குக் கீழே ஒரு புள்ளி சாய்ந்திருந்தாலும் கண்ணில் படும். கல்யாணமானதும் அந்த வேலையை விட்டேன். சும்மா கிடந்த கண்ணுக்கு ஆர்க்கிட் வேலை கொடுத்தது.

ஆர்க்கிட்டுக்கு மண் கிடையாது. தேங்காய் மட்டைத் துண்டும் கரியும்தான். ரெண்டு மூணு வருஷத்தில் மட்டை மக்கி, வடிகட்டின காபிச் சக்கை மாதிரி ஆகிவிடும். அப்புறம் தண்ணீர் உள்ளேயே நின்று வேர் அழுகும், தொட்டி மாற்றியே தீரவேண்டும். ஆனால் நினைத்த நாளில் மாற்ற முடியாது. கோடை மழை விழுந்ததும் தண்டின் அடியில் ஒரு புதுக் குருத்து கிளம்பும். அது விரல் நீளம் வளர்ந்த பிறகு, அதன் காலடியில் அரிசி நுனி அளவுக்குப் பச்சையாக ஒன்று எட்டிப் பார்க்கும். அதுதான் புது வேர். அது தலை காட்டின சமயம் மாற்றினால் புது மட்டைக்குள் நேராக இறங்கிப் பிடித்துக்கொள்ளும். அதற்கு முன்னால் கை வைத்தால் பழைய வேரும் அடிபட்டு, புது வேரும் இல்லாமல், செடி தண்ணீர் குடிக்க வழியின்றி அப்படியே சுருங்கும். ரொம்பத் தாமதித்தாலோ, நீண்ட வேர் கை பட்டதும் பட்டென்று ஒடியும். பக்கத்துப் பக்கத்துத் தொட்டிகள்கூட ஒரே நாளில் வேர் விடாது. ஒவ்வொன்றாகப் போய் முகம் பார்க்கவேண்டும்.

இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நிறைய செடிகளைச் சாகடித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பாப்பா கிருஷ்ணகிரியில் காலேஜ் ஹாஸ்டலில் சேர்ந்த வருஷம், ஓசூரில் ஒரு மலர்க் கண்காட்சிக்கு என் தொட்டி ஒன்றைக் கொண்டுபோய் வைத்தேன். வந்தவர்கள் எல்லாரும் பூவுக்குப் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு அம்மா மட்டும் பூவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தொட்டியைத் தூக்கி, அடியில் வேரைப் பார்த்தார். பிறகு இதை யார் வளர்த்தது என்று கன்னடத்தில் கேட்டார். நான்தான் என்றேன். பார்டரைத் தாண்டி அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் பெரிய ஆர்க்கிட் நர்சரி வைத்திருப்பவர் அவர். தன்னிடம் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், ஆனால் திங்கட்கிழமை என்றால் எல்லாத் தொட்டியையும் திங்கட்கிழமையே மாற்றிவிடுகிறார்கள், செடி போய்க்கொண்டே இருக்கிறது என்றார். தினமும் சுற்றிப் பார்த்து, எது தயார், எது இல்லை என்று சொல்ல ஒரு ஆள் வேண்டுமாம். வருகிறாயா என்றார்.

அன்றைக்கு வீடு திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெற்றெடுத்தது, சமைத்தது, பூ கட்டுக் கட்டியது எல்லாவற்றையும் தாண்டி, என் கண்ணுக்காக ஒருத்தர் என்னைக் கேட்டிருக்கிறார். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

வீட்டில் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுதான் கஷ்டமே. வேண்டாம் என்றால் சண்டை போடலாம். என் வீட்டுக்காரர் "பாக்கலாம்" என்றார். அவர் வாயில் அந்த ஒரு வார்த்தைக்குள் ஒரு வருஷத்தை அடைத்துவிடலாம். ராகி அறுவடைக் காலம், யானை போகட்டும் என்றார். நியாயம்தானே, இருட்டில் அந்த ரோட்டில் பஸ் இறங்கி நடக்க எனக்கும் பயம்தான். யானை போனது. அதற்குள் கவாத்து. கவாத்து முடிந்தால் பிப்ரவரி அறுவடை, அந்தச் சமயத்தில் வீட்டில் ஒரு கை குறைந்தாலும் சோறு பொங்காது. அப்புறம் தேர்த் திருவிழா, வீடு நிறைய ஜனம். அப்புறம் என் மாமியாருக்கு முட்டி வலி, ஊசி, கட்டு. ஒன்று முடியும்போது இன்னொன்று வரிசையில் வந்து நிற்கும். எல்லாரும் நல்லவர்கள், எல்லாக் காரணமும் நிஜம். நான் அந்தச் சுவருக்கும் பாலிஹவுஸுக்கும் நடுவில் நின்றுகொண்டு கம்பெனி சங்கு ஊதுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். ஷிப்ட் முடிந்து பெண்கள் பஸ் ஏறுகிற சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும். 

சித்திரையில்தான் எல்லாம் ஓய்ந்தது. ஒரு நாள் சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் அவராகவே, இனி எப்போது போகிறாய் என்று கேட்டார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு, "வேர் வரட்டுங்க" என்றேன்.

பொய் இல்லை. அந்த வருஷம் என் தொட்டிகள் எல்லாவற்றிலும் மட்டை மக்கிவிட்டிருந்தது. மாற்றாமல் விட்டுப்போனால் செத்துவிடும், வேர் வராமல் மாற்றவும் முடியாது. வேர் வந்ததும் மாற்றிவைத்துவிட்டுப் போகிறேன் என்றேன். அதுவும் நியாயம்தானே. கோடை மழை அந்த வருஷம் ஏமாற்றிவிட்டது. சூளகிரிப் பக்கம் கொட்டும், குருபரப்பள்ளியில் கொட்டும், எங்கள் தலைக்கு மேல் வந்ததும் மேகம் கலைந்துவிடும். வைகாசியில் ஒன்றிரண்டு குருத்து வந்தது. ஆனியில் குருத்து வளர்ந்தது. வேரைத்தான் காணோம். தினமும் காலையில் போய் ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து பார்ப்பேன். வரவில்லை என்றதும் எரிச்சல் வரும். அந்த எரிச்சலுக்கு அடியில் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது என்பதை நான் அப்போது கண்டுகொள்ளவில்லை.

நர்சரி மேடம் போன் பண்ணினார். வரமகாலட்சுமி பண்டிகை வருகிறது, பெங்களூருக்குப் பூ போய்க்கொண்டே இருக்கும், அதற்கு முன்னால் நீ வரவேண்டும், இல்லையென்றால் வேறு ஆள் வைத்துக்கொள்வேன் என்றார். நான் வேர் கதையைச் சொன்னேன். அவர் முழுசும் கேட்டுக்கொண்டார். பிறகு அவருக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

"நான் உன் செடியைக் கேக்கல. உன்னைக் கேட்டேன்."

நான் சரிங்க மேடம் என்று வைத்துவிட்டேன். 

இந்தப் பேச்சை அத்தை கேட்டிருக்கிறார். என் மாமியாரைத்தான் அத்தை என்பேன். அவரைப் பற்றிச் சொல்லவேண்டும். கோபம் வந்தால் தெலுங்கு, வேலையாட்களிடம் கன்னடம், என்னிடம் மட்டும் தமிழ். மத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த மருமகளுக்குப் புரியவேண்டுமே என்று ஆரம்பித்தது, அப்படியே நின்றுவிட்டது. நாள் கிழமை பார்க்காமல் ஒரு குச்சியைக்கூட மண்ணில் ஊன்றமாட்டார். தினசரி காலண்டரில் மேல்நோக்கி அம்பு போட்டிருந்தால் மேல்நோக்கு நாள், விதைக்கலாம், நடலாம். கீழ்நோக்கி இருந்தால் கிழங்கு, கிணறு. ஆடி மாசம் என்றால் எதுவுமே கிடையாது. ஆடியில் புதுசாக ஒன்றையும் தொடங்கக்கூடாது, வேலைக்கும் போகக்கூடாது. அவருக்கு இதில் பேச்சுக்கே இடமில்லை.

ஆனி முடிகிற சமயம். பாப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று நான் கிருஷ்ணகிரிக்குப் போய், ஹாஸ்டல் பக்கத்திலேயே சொந்தக்காரர் வீட்டில் தங்கி, மறுநாள் சாயங்காலம் திரும்பி வந்தேன். வாசலில் அத்தை நின்றுகொண்டிருந்தார். கை ரெண்டும் முழங்கை வரைக்கும் கரி. முகமெல்லாம் சிரிப்பு. முட்டி வலியை மறந்து எனக்கு முன்னால் கொட்டகைக்கு நடந்தார்.

எல்லாத் தொட்டியும் மாற்றியாகிவிட்டது. ஒன்று பாக்கியில்லை. புதுத் தொட்டி, புது மட்டை, வரிசை பிசகாமல் அடுக்கியிருந்தது. ரோஜா கவாத்து பண்ணுகிற பெண்களை வைத்து ஒரே நாளில் முடித்திருக்கிறார். அன்றைக்கு மேல்நோக்கு நாளாம், ஆனியில் அதுதான் கடைசியாம், அதை விட்டால் ஆடி பிறந்துவிடுமாம். செய்ததோடு நிற்கவில்லை. ரோஜாக்கார வீட்டுக் கை அல்லவா, இலை இல்லாத தண்டையெல்லாம் காய்ந்த குச்சி என்று அடியோடு நறுக்கிவிட்டிருந்தார்கள். ரோஜாவில் அப்படி நறுக்கினால்தான் துளிர் வரும். ஆர்க்கிட்டில் அந்த மொட்டைத் தண்டுக்குள்தான் செடியின் சோறும் தண்ணீரும் இருக்கிறது. வேரும் இல்லை, சேமிப்பும் இல்லை. ஒவ்வொரு தொட்டியிலும் ஒரே ஒரு இளம் குருத்து திருதிருவென்று நின்றது.

"எல்லாம் முடிச்சாச்சு. ஆடி பொறக்கறதுக்குள்ள நீ கெளம்பிடலாம்" என்றார் அத்தை.

நான் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "யார் உங்களைக் கேட்டா?" என்றேன், மெதுவாக.

அவர் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது, அது போக வழி தெரியாத மாதிரி. அப்புறம் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். தெலுங்கில்கூட ஒரு வார்த்தை திட்டவில்லை.

நர்சரி மேடத்துக்கு நான் போன் பண்ணவில்லை. செடிகளை இந்த நிலையில் விட்டுவிட்டு எப்படிப் போவது? என் வீட்டுக்காரரிடம் அதைத்தான் சொன்னேன். அவர் வழக்கம்போல, சரி, பாக்கலாம் என்றார். ஆடி பிறந்தது, கதவு சாத்தின மாதிரி ஆயிற்று. நான் காலையிலிருந்து கொட்டகையில்தான். வேர் இல்லாத செடிக்குத் தண்ணீரும் ஊற்ற முடியாது, ஊற்றாமலும் இருக்க முடியாது. தரையை நனைத்து, சுற்றிலும் ஈரச்சாக்கு கட்டி, இலையில் மட்டும் பனி மாதிரி தெளித்துக்கொண்டிருந்தேன். இலைகள் சுருங்கின. சில குருத்துகள் மஞ்சளாகிக் கழன்றன. அத்தையும் நானும் உப்பு எங்கே, புளி எங்கே என்பதற்கு மேல் பேசவில்லை. ஒரே அடுப்படியில் ரெண்டு பெண்கள் அப்படி இருப்பது எவ்வளவு பாரம் என்று இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அவர் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இந்த அம்மாதான் என்னை இங்கே கட்டிப்போட்டுவிட்டார் என்று மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்வேன். சொல்லச் சொல்ல, அது கொஞ்சம் சௌகரியமாகவும் இருந்தது.

பதினெட்டாம் பெருக்கு கழிந்து, சாரல் பிடித்துக்கொண்டது. ஓசூர்ச் சாரல் கொட்டாது, விடாது, தோளில் ஈரத்தை உட்கார வைத்துவிடும். ஆடி இன்னும் முடியவில்லை. ஒரு காலையில் அத்தை கொட்டகை வாசலில் வந்து நின்று, வா என்பது போலத் தலையை ஆட்டினார். பின்னாலேயே போனேன். சுவரோரம் கவாத்துக் கழிவு கொட்டுகிற குப்பை மேட்டுக்குக் கூட்டிப்போனார். மேலே ஒரு ஈரக் கோணிச் சாக்கு போட்டிருந்தது. முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குந்தி, சாக்கை விலக்கினார்.

அன்றைக்கு நறுக்கி எறிந்த குச்சிகள். ரோஜா முள்ளுக்கும் மக்கின மட்டைக்கும் நடுவில் கிடந்தபடியே, கணுவுக்குக் கணு பச்சைக் குருத்து விட்டிருந்தன. நான் குனிந்தேன். குருத்தின் அடியில் வெள்ளையாக, நுனி மட்டும் பச்சையாக, வேர். ஒன்றில் இல்லை, கையில் எடுத்த குச்சி ஒவ்வொன்றிலும். தொட்டி இல்லை, நாள் பார்க்கவில்லை, என்னைக் கேட்கவில்லை. குப்பையில் கிடந்துகொண்டு தன் பாட்டுக்கு வேர் விட்டிருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தைதான் கீரை பறிக்க வந்தபோது முதல் பச்சையைப் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து சாக்கைப் போட்டு மூடி, தினமும் நான் எழுவதற்கு முன்னால் வந்து தண்ணீர் தெளித்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த முட்டியை வைத்துக்கொண்டு.

அவர் என்னைப் பார்க்காமல், குச்சியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"வேர் வந்துருச்சு. இனி என்ன சொல்லப்போற?"

"இன்னும் கொஞ்சம் நீளட்டும்" என்பது என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சத்தியமாக வந்துவிட்டது. செடிக்கு அது சரியான பேச்சுதான், அந்தச் சின்ன வேரோடு தாய்க் குச்சியிலிருந்து பிரித்தால் பிழைக்காது, விரல் நீளம் வரவேண்டும். வாயைத் திறந்த அந்த நொடியில் அது என் வீட்டுக்காரரின் குரலில் கேட்டது. பாக்கலாம். யானை போகட்டும். கவாத்து முடியட்டும். கட்டிப்போட்டவர்கள் எல்லாரும் அவிழ்த்துவிட்டு எப்போதோ போய்விட்டார்கள். கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். இருபது வருஷமாகச் சுவருக்குள் இருந்தவளுக்கு வெளியே போகப் பயம். அவ்வளவுதான் விஷயம், அதற்குப் போய் வேர் என்று பெயர் வைத்திருந்தேன்.

நான் வாயை மூடிக்கொண்டேன். அத்தை எழுந்திருக்கக் கையை நீட்டினார், பிடித்துத் தூக்கினேன். ஆடியாச்சே அத்தே என்றேன். அவர் தண்ணீர் தெளிக்கிற சொம்பை எடுத்துக்கொண்டு, தெளிக்க வேண்டியது காலையிலா சாயங்காலமா, ரெண்டு வேளையுமா என்று கேட்டார். சாரல் நின்றால் ரெண்டு வேளை என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

அங்கேயே, அந்தக் குப்பை மேட்டுப் பக்கத்திலேயே நின்று போன் போட்டேன். பண்டிகைக்கு இன்னும் நாலைந்து நாள்தான் இருந்தது. ரிங் போய்க்கொண்டே இருந்தது, எடுப்பாரா என்று தெரியவில்லை. எடுத்தார். பின்னால் வண்டியில் பெட்டி ஏற்றுகிற சத்தம், யாரையோ கன்னடத்தில் விரட்டுகிற சத்தம். நான்தான் என்று தெரிந்ததும், வணக்கம்கூடச் சொல்லாமல், என்ன, வேர் வந்துவிட்டதா என்று கேட்டார். கிண்டலா கோபமா என்று தெரியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சங்கு ஊதியது, அது ஓயும் வரைக்கும் காத்திருந்தேன்.

"வந்துருச்சு மேடம். அது இங்கயே இருக்கட்டும். நாளைக்கு நான் வர்றேன்."